முத்து என்னும் சொல்: பொருளும் வழக்கும்

ஒரு சொல் பல பொருளுக்குப் பரந்து செல்லுதலும், வேறு வேறு சொற்கள் காலப்போக்கில் ஓசையால் ஒன்றுபடுதலும் எல்லா மொழிக்கும் இயல்பு. இவ்விரண்டனையும் வேறு பிரித்தறியாது, ஓசை ஒப்புமை ஒன்றே பற்றிப் பொருள் ஒற்றுமை கூறப்புகின், சொல்லாராய்ச்சி வழுவுதலேயன்றிச் சமயநூற் பொருளும் வழுவும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாவது முத்து என்னும் சொல். கடலிற் பிறக்கும் முத்து, வாயால் இடும் முத்தம், வீடுபேறாகிய முத்தி, அதனைத் தருவோனாகிய முத்தன் என்பனவெல்லாம் செவிக்கு ஓரினமாகவே தோன்றும். அவை உண்மையில் ஓரினந்தாமோ, அன்றி ஓசையளவில் மயங்குவனவோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் இன்று பின்னலாடைத் தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். முத்து விளையும் கடல் அதற்கு நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் முத்து என்னும் சொல் அவ்வூர்ப் பக்கத்தில் நாள்தோறும் வழங்குவதாம். முத்துச்சாமி, முத்தம்மாள், முத்தையன் என்பன கொங்குநாட்டு இல்லங்களிற் பெருவழக்கான பெயர்கள். ஆமணக்கு வித்தினைக் கொட்டைமுத்து என்றும், வேம்பின் வித்தினை வேப்பமுத்து என்றும் உழவர் கூறுவர். அம்மை கண்டார் மேனியில் எழும் கொப்புளத்தை முத்து என்பதும் அந்நாட்டு வழக்கே. அலகுமலையில் எழுந்தருளிய முருகனுக்கு முத்துக்குமார பாலதண்டாயுதபாணி என்பது திருநாமம். இவற்றுள் முத்து என்பது யாண்டும் ஒரே சொல்லோ என்பது எளிதில் விடுக்கத்தக்க வினாவன்று.

ஊர்ப்பெயரையே முதற்கண் நோக்குக. முதலிபாளையத்தின் அயல்நாடாகிய அவிநாசி, முதலையுண்ட பாலனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பாடி மீட்டருளிய தலம். ஓசை ஒன்றே சான்றாமெனின் முதலிபாளையம் என்னும் பெயரையும் அம்முதலையோடு இயைத்துவிடலாம். அஃது அமையாது. முதலி என்பது முதல் என்னும் அடியாகப் பிறந்து தலைவனைக் குறிக்கும் சொல். பாளையம் என்பது படை தங்கும் இடம். முதலி வேறு, முதலை வேறு. ஊர்ப்பெயரிற் கொள்ளும் இவ்விழிப்பு முத்து என்னும் சொல்லினும் கொள்ளற்பாலது.

சொல்லின் தொன்மை

முத்து என்பதும் அதன் வேறு வடிவாகிய முத்தம் என்பதும் சங்கநூல்களிலேயே பயின்றுள்ளன. நித்திலம் என்பது அவற்றோடு ஒப்ப வழங்கும் பிறிதொரு பெயர். தரளம், ஆரம் முதலியனவும் இலக்கியத்துட் காணப்படும். பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை முத்தினாற் பெருமை பெற்றதனைத் தமிழ்நூல்களேயன்றிப் பிறநாட்டு நூல்களும் கூறும். கி.பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்புளுசு என்னும் கடற்பயண நூல், கொற்கையைக் கொல்கை எனக் குறித்து, ஆண்டு முத்தெடுக்கும் தொழிலிற் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றோர் ஈடுபடுத்தப்பட்டனர் என்று உரைக்கின்றது. 1909-ல் அச்சேறிய கௌடிலியரின் அருத்தசாத்திரம் முத்துவகைகளை எண்ணுங்கால், தாமிரபரணியிற் பிறந்ததனையும் பாண்டியகவாடத்திற் பிறந்ததனையும் முதற்கண் வைத்து எண்ணுகின்றது. இவற்றால் முத்து தென்கடலின் சிறப்புப் பொருளாய் வடநாட்டாராலும் மேனாட்டாராலும் அறியப்பட்டமை தெளிவாம்.

கடலின் நீங்கிய கொங்குநாட்டிற்கும் அம்முத்திற்கும் பழந்தொடர்பு உண்டென்பது பதிற்றுப்பத்தாற் புலனாம். உ.வே. சாமிநாதையர் 1904-ல் வெளியிட்ட அந்நூலில், கபிலர் பாடிய ஏழாம் பத்தினும் அரிசில்கிழார் பாடிய எட்டாம் பத்தினும், கொடுமணம் என்னும் ஊரின் அரிய அணிகலன்களும், பந்தர் என்னும் ஊரின் தொடர்பினவாய் முத்தும் அடுத்தடுத்து வைத்துக் கூறப்பட்டுள்ளன. கொடுமணம் என்பது நொய்யலாற்றின் வடகரையில் இன்று கொடுமணல் எனப்படும் ஊர் என்பர் ஆராய்ச்சியாளர். அஃது ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. நொய்யலாறு திருப்பூரைக் கடந்து கீழ்த்திசை நோக்கிச் செல்லும் வழியில் அவ்வூரைத் தழுவிச் செல்லும். 1985 முதலாக ஆண்டு நிகழ்ந்த அகழாய்வுகளில் பச்சைக்கல், சூதுபவளம் முதலிய மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய தொழிற்கூடங்களின் அடையாளங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. காங்கயத்தை அடுத்த படியூர் பச்சைக்கல்லுக்குப் பெயர்போனது. ஆகவே, நொய்யற்கரை கல்மணியைத் தந்தது. கடற்கரை முத்தினைத் தந்தது. சேரரைப் பாடிய புலவர் இரண்டனையும் ஒருங்கு வைத்துப் பாடினர். முத்து என்னும் சொல் அந்நாட்டிற்குப் பின்வந்த சொல்லன்று என்பது இதனாற் பெறப்படும்.

முத்து என்பது ஐயமற வரையறுத்த ஒரு பொருளின் பெயராய் நின்றமைக்குச் சிலப்பதிகாரம் பெருஞ்சான்று பகரும். கண்ணகி வழக்குரைத்தபோது, பாண்டியன் தன் தேவியின் சிலம்பிற்குள் இருக்கும் பரல் முத்து என்றான். கண்ணகியின் சிலம்பு உடைந்தவழி வெளிப்பட்டது மாணிக்கம். ஓர் உயிரின் குற்றமின்மையும் ஓர் அரசனின் வீழ்ச்சியும் முத்து, மாணிக்கம் என்னும் இரு சொற்களின் வேறுபாட்டினால் துணியப்பட்டன. சொல்லைப் பொருளறிந்து வழங்கவேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

தமிழ்ச்சொல்லோ, வடசொல்லோ

முத்து என்பது முக்தா என்னும் வடசொல்லின் சிதைவென்று கூறுவார் உளர். முக்தா என்பதற்கு விடுபட்டது என்பது பொருளாம். சிப்பியினின்றும் விடுபட்டமையின் முத்து அப்பெயர் பெற்றது என்பது அவர் கூற்று. இது பொருந்துமோ எனின், ஆராயற்பாலது.

வேதங்களில் முத்தினைக் குறிக்கும் பழஞ்சொல் கிருசனம் என்பது. இருக்கு வேதத்தினும் அதர்வ வேதத்தினும் அச்சொல்லே வழங்குகின்றது. முக்தா என்பது முத்தினைக் குறித்து வழங்குதல் அவற்றிற்குப் பிற்பட்ட நூல்களிலேயாம். பாலி மொழியில் முத்தினுக்கு முத்தா என்பதும், விடுபட்டவனுக்கு முத்த என்பதும் பெயர். வடசொல்லில் வரும் 'க்த' என்பது பாலியினும் பிராகிருதத்தினும் 'த்த' என மாறுதல் இயல்பாகலின், தென்னாட்டினின்றும் முத்துப் பொருளோடு உடன்சென்ற சொல் ஆண்டு முத்தா என நின்றது; அதனை வடமொழியாக்கினோர், முத்த என்பதற்கு முக்த என்பது மூலமாதல் போல, முத்தா என்பதற்கும் முக்தா என மூலம் அமைத்துக்கொண்டனர் என்பது மொழிநூலார் பலர் கருத்து. பொருள் சென்ற வழியே சொல்லும் செல்லுமாதலின் அக்கருத்து வலியுடைத்து. அம்முக்தா என்பதன் வழியதாகிய மௌக்திகம் இந்தி முதலிய மொழிகளில் மோதி எனத் திரிந்தது. சிங்களத்தில் முத்து என்பது முது எனவும், மலாய் மொழியில் முத்தியாரா எனவும் வழங்கும்.

வடநாடு சென்று உருமாறிய சொல் மௌத்திகம், முத்தாபலம் எனத் தமிழுக்கே மீண்டும் வந்தது. இங்ஙனம் சென்று மீளும் சொற்களுக்குத் திருப்பூர்ப் பக்கத்தார் நாள்தோறும் சொல்லும் பனியன் என்பதே தக்க சான்று. வணிகரைக் குறித்த இந்நாட்டுச் சொல்லொன்று மேனாட்டார் வாயிற்பட்டுப் பனியன் எனத் திரிந்து, அவ்வணிகர் அணிந்த தளர்ந்த மேலாடைக்கு ஆகி, பின்னர் உள்ளாடைக்குப் பெயராய் மீண்டும் தமிழரிடம் வந்தடைந்தது. முத்தும் அவ்வாறே போய் மீண்டது. ஆயின், மூலவடிவம் இடையறாது தமிழில் நின்றமையால் அதன் பிறப்பிடம் மறையவில்லை.

இனி, முத்து என்பது முற்று என்பதன் திரிபு. முற்றி விளைந்தது முத்து என்பார் கூற்றும் ஒன்று உண்டு. காற்று காத்து எனவும், நேற்று நேத்து எனவும் பேச்சில் திரிதலின் முற்று என்பதும் முத்து ஆகும் என்பர். பேச்சுவழக்கிற்கு அஃது ஒக்கும்; முற்றிய காயை முத்தின காய் என்பர் பொதுமக்கள். எனினும் கடல்முத்திற்கு அது பொருந்தாது. யாங்ஙனமெனின், மலையாள மொழியில் ற்ற என்னும் ஒலியும் த்த என்னும் ஒலியும் மயங்காது வேறுவேறாகவே ஒலிக்கப்படும். ஆண்டுக் காற்று என்பது றகர ஒலியோடும், முத்து என்பது தகர ஒலியோடும் வழங்கும். மூலம் முற்று என்பதாயின் மலையாளத்தில் அதன் றகரம் நிலைத்திருத்தல் வேண்டும். அன்றியும், பேச்சுத்திரிபு புகாத சங்கச்செய்யுளிலேயே முத்து என்னும் வடிவம் நிலைபெற்றுள்ளது. ஆகலின் முத்து என்பது தகர அடியாகவே நின்ற தனித்தமிழ்ப் பெயர் எனக் கொள்க.

வணிகர் வழக்கு

இலக்கணநூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தனர். இவற்றுள் ஒரு குழுவினார் தமக்குள் வழங்கும் பெயர் குழூஉக்குறியாம். முத்து வணிகரின் சொற்கள் அவ்வகையின. அவற்றைத் தொகுத்துக் காட்டும் கருவூலம் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள். 1010-ல் நிறைவுற்ற அத்திருக்கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் சுற்றத்தாரும் அளித்த அணிகலன்களைக் கூறும் பகுதிகளில், வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்தநீர், சிவந்தநீர் என முத்தின் வகைகள் எண்ணப்பட்டுள்ளன. இரண்டு ஒட்டிப் பிறந்தது இரட்டை. மேனி கரடுபட்டது கறடு. நீர் என்றது ஒளியினை. ஒவ்வோர் அணியிலும் கோத்த முத்துக்களின் தொகையும், கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவுகளால் நிறையும் வரையப்பட்டன. இறைவனுக்கு உரியதாகிய பொருளில் ஒரு முத்தும் குறையலாகாது என்னும் அச்சமும் அன்பும் அக்கணக்கினுட் காணப்படும். குறையுடைய முத்தினையும் மறையாது அதன் பெயராலேயே எழுதிவைத்தமை அக்காலத்துக் கணக்கரின் நேர்மையைக் காட்டுவதாம்.

கடற்றுறையிலும் இவ்வாறே தனிச்சொற்கள் உள. முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டு பார் எனப்படும். அரசு அறிவித்து நடத்தும் முத்துக்குளிப்பு சலாபம் எனப்பட்டது. சுறாமீனின் வாயை மந்திரத்தாற் கட்டுவதாகக் கருதப்பட்டு, குளிப்போர்க்குத் துணையாய் நின்றவன் கடற்கட்டி எனப்பட்டான். இன்று அச்சொற்களுட் பல வழக்கு வீழ்ந்தன. சிப்பிவளம் குன்றியமையால் தூத்துக்குடிக் கடலில் சலாபம் 1961-க்குப் பின்னர் நடைபெறவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியினுட் கருவிட்டு முத்து வளர்க்கும் முறையில் வெற்றி கண்டனர். தொழில் மறையின் சொல்லும் மறைதல் இயல்பாகலின், அவற்றைத் தொகுத்து வைத்தல் மொழியறிஞர் கடன்.

ஆகுபெயரும் மங்கலமும்

முத்தின் வெண்மை, உருட்சி, ஒளி, அருமை என்னும் பண்புகளைப் பற்றி அச்சொல் பிறபொருட்குச் செல்லுதல் உவமையாகுபெயர். பல், கண்ணீர்த்துளி, வியர்வைத்துளி, பனித்துளி என்பன இவ்வாறு முத்து எனப்படும். ஓட்டினுள் அடங்கி உருண்டிருத்தலால் ஆமணக்கு, வேம்பு, புளி என்பவற்றின் வித்துக்கள் முத்து எனப்பட்டன. ஓட்டைப் பிளந்து உள்ளிருப்பதனை எடுத்தலும், சிப்பியைப் பிளந்து முத்தினை எடுத்தலும் செயலான் ஒக்கும். திருத்தமாக எழுதுதலை முத்துமுத்தாக எழுதுதல் என்பதும் இதன்பாற்படும். கொங்கின் புன்செய்த் தானியமாகிய கம்பினை ஆங்கிலேயர் முத்துத்தினை என்னும் பொருள்படப் பெயரிட்டு வழங்குதலால், இவ்வகை உவமை தமிழர்க்கே உரியதன்று என்பதும் அறியப்படும்.

அம்மைக் கொப்புளத்தை முத்து என்பது இவற்றின் வேறாயது. உருவொப்புமை ஆண்டும் உண்டெனினும், அப்பெயரை இடுவித்தது ஒப்புமை அன்று, அச்சம். செத்தாரைத் துஞ்சினார் என்றல் போலக் கொடியதனை நல்ல பெயராற் கூறுதல் மங்கலம் எனப்படும். பெரியம்மை உயிர்க்கொல்லியாய் ஊர்தோறும் உலவிய காலத்து, அந்நோயின் பெயரை வாயாற் சொல்ல அஞ்சிய தாயர், அன்னை மாரி முத்துப் போட்டிருக்கின்றாள் என்றனர். கொப்புளம் ஆறுதலை முத்து இறங்குதல் என்றனர். முத்துமாரி என்னும் திருப்பெயரும் இதனோடு இயைந்தது. மருந்தொன்றும் துணைநில்லாத நாளில் அச்சொல் ஒன்றே நோயுற்ற மகவின் அருகிருந்தார்க்கு மனவுரம் அளித்தது. அந்நோய் இந்தியாவில் 1975-க்குப் பின்னர்த் தோன்றவில்லை. உலகின் எவ்விடத்தும் அஃது ஒழிந்ததென உலக நல வாழ்வு மன்றம் 1980-ல் அறிவித்தது. ஒழித்தது அம்மைகுத்துதல், சொல் அதுகாறும் மக்களைத் தாங்கி நின்றது. நோய் அழிந்தும் அச்சொல் அழியாது, சின்னம்மை முதலியவற்றிற்கு இன்றும் வழங்கி வருகின்றது.

ஓசையால் மயங்குவன

வாயால் இடும் முத்தம் கடல்முத்தினின்றும் வேறான சொல். தமிழினும் கன்னடத்தினும் இரண்டும் ஒலியால் ஒன்றுபட்டமையின் வேறுபாடு விளங்காது. தெலுங்கிலோ கடல்முத்து முத்தியமு எனவும், வாய்முத்தம் முத்து என்பதன் தகரம் மெலிந்து ஒலிக்கும் வேறோர் வடிவாகவும் வழங்குதலின் அவை இரு சொல்லாதல் தேற்றம். இனமொழிகளின் துணை இல்வழி இது புலப்படாது.

ஆயினும் ஓசை ஒன்றுபட்டதனைப் புலவர் தம் பாட்டிற்கு அணியாக்கிக் கொண்டனர். பிள்ளைத்தமிழின் ஐந்தாம் பருவமாகிய முத்தப்பருவம் அவ்வணிக்கே இடமாயிற்று. யானைக்கொம்பு, பன்றிக்கொம்பு, மூங்கில், கரும்பு, நெல், மேகம், சங்கு, மீன்தலை, பாம்பின் படம் முதலியவற்றிலும் முத்துப் பிறக்கும் என்பது பண்டைப் புலவர் மரபு. வராகமிகிரரின் பிருகத் சங்கிதையும் சிப்பியோடு சேர்த்து எண்வகைப் பிறப்பிடம் கூறும். பகழிக்கூத்தர் தம் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில், அவ்வாறு பிறக்கும் முத்துக்களுக்கெல்லாம் விலைமதிப்பு உண்டெனக் கூறி, முருகக்குழவியின் முத்தம் ஒன்றே மதிப்பிற்கு அடங்காதது என்று நயம்பட முடித்தார். அஃது அணி, சொற்பிறப்பிற்குச் சான்றாகாது. அணியைச் சான்றாகக் கொள்வோர் கவிஞரின் கருத்தையும் சொல்லின் வரலாற்றையும் ஒருங்கே இழப்பர்.

இம்மயக்கம் தமிழிற்கே உரியதன்று. முதலிபாளையத்துப் பின்னலாடைக்கூடங்களில் பின்னலின் மறுபுறம் தோன்றும் கண்ணியைப் பர்ல் என்பர். ஆங்கிலத்தில் முத்தின் பெயரும் அவ்வாறே ஒலிக்கும். முன்னாளில் அக்கண்ணியின் பெயரை முத்தின் பெயராகவே எழுதினாரும் உளர். ஆயின் முத்தின் ஆங்கிலப் பெயர் பன்றித்தொடை வடிவினதாகிய ஒரு சிப்பியின் இலத்தீன் பெயரினின்றும் வந்ததென்றும், கண்ணியின் பெயர் முறுக்குதல் என்னும் பொருளுடைய வேறு சொல்லோடு இயைந்ததென்றும் அறிஞர் கருதுவர். முத்திற்கும் பின்னலுக்கும் உறவில்லை. செவி ஒன்றே உறவு கற்பித்தது.

முத்தும் முத்தியும்

இனிச் சமயநூல்களில் இச்சொல் நிற்குமாறு நோக்குக. பக்தி பத்தி எனவும், சக்தி சத்தி எனவும் தமிழில் வருதல்போல முக்தி என்பது முத்தி என வந்தது. முக்தன் முத்தன் ஆயினான். ஆகவே ஒரு வியப்பு ஈண்டு நிகழ்ந்தது. தெற்கினின்று வடக்கே சென்ற முத்து விடுதலைச் சொல்லின் உருவை மேற்கொண்டு முக்தா ஆயிற்று. வடக்கினின்று தெற்கே வந்த முக்தி முத்தின் உருவை மேற்கொண்டு முத்தி ஆயிற்று. எதிரெதிர் திசையில் நடந்த இரு சொற்கள் வழியில் ஒன்றன் ஆடையை மற்றொன்று உடுத்தவாறாம்.

இவ்விரண்டனையும் பிரித்தறியும் கருவி இலக்கணமே. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாலங்காட்டுப் பதிகத்தின் தொடக்கத்தில் இறைவனை முத்தா என விளித்து, அடுத்தே முத்தி என்னும் சொல்லை வைத்தருளினார். ஈண்டு முத்தா என்பதற்கு முத்துப் போன்றவனே எனப் பொருளுரைத்தல் பொருந்துமோ எனின், பொருந்தாது. முத்து என்பது விளியேற்குங்கால் முத்தே என ஏகாரம் பெறும். முத்தன் என்னும் னகரவீற்றுப் பெயரே ஈறு கெட்டு முத்தா என ஆகும். ஆகலின் இயல்பாகவே பாசத்தின் நீங்கியவனே என்பதே அவ்விளியின் பொருள். அநாதிமுத்தனாகிய இறைவனே பிறர்க்கு முத்தி தரவல்லான் என்னும் சித்தாந்தப் பொருள் அவ்விரு சொற்களின் அடைவிலேயே அமைந்து கிடத்தல் காண்க. முத்து எனப் பொருள்கொள்ளின் அவ்வியைபு முழுதும் கெடும். ஓர் எழுத்தின் இலக்கணம் ஒரு கொள்கையைக் காக்கின்றது.

முத்துக்குமாரன் என்பதோ அதன் மறுதலை. முத்து என்பது வன்றொடர்க் குற்றியலுகரமாகலின் வருமொழிக் ககரம் மிக்கது. முத்தன் என்பதன் வழிவந்ததாயின் முத்தகுமாரன் எனவே நிற்கும். ஆகவே புள்ளிருக்குவேளூரிலும் அலகுமலையிலும் எழுந்தருளிய பெருமானுக்கு அமைந்த திருப்பெயர் முத்தின் அடியாகப் பிறந்தது. திருத்தொண்டர் புராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொன்றவன் பெயராகிய முத்தநாதன் என்பதில் உகரம் இன்மையின், அது முத்தன் என்பதன் வழியது. விடுபட்டோர்க்கு நாதன் எனப் பெயர்கொண்டவன் பகைமை என்னும் கட்டினின்றும் விடுபட்டானல்லன். பெயர் வேறு, பொருள் வேறு என்பதை அப்பெயரே உணர்த்தும்; அவன் பூண்ட திருவேடத்தைப் போற்றிய நாயனாரோ பெயர்ப்பொருளைத் தாமே எய்தினார்.

காங்கயம் பகுதியிலுள்ள முத்தூர் என்னும் பெயரையும் இவ்வாறே நோக்கலாம். முதுமை அடியாயின் மூதூர் எனவும், மூன்று என்னும் எண்ணடியாயின் மூவூர் எனவும் வருதல் வேண்டும். முத்து என்பதனோடு ஊர் புணரின் முத்தூர் ஆம். அம்முத்து மணியோ, ஒருவன் பெயரோ என்பதனைத் துணிதல் இலக்கணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கல்வெட்டே அதற்குக் கரியாம்.

திருஞானசம்பந்த சுவாமிகள் திருநெல்வாயில் அரத்துறைக்கு எழுந்தருளுங்கால், நடந்து வருந்திய பிள்ளையார்க்கு இறைவன் முத்துச்சிவிகையும் முத்துக்குடையும் முத்துச்சின்னமும் அருளினான். திருப்பட்டீச்சரத்தில் வெயில் வெம்மை நீங்க முத்துப்பந்தர் அருளினான் என்று சேக்கிழார் பெருமான் கூறுவர். ஆனித்திங்களில் அத்தலத்தில் முத்துப்பந்தல் விழா இன்றும் நிகழ்கின்றது. இவ்விடங்களில் முத்து என்பது முத்தியைக் குறிப்பாற் சுட்டும் எனச் சிலர் நுண்பொருள் காண்பர். அங்ஙனம் வலிந்து கூறவேண்டுவதில்லை. முத்து தண்மையுடையது, திங்களுக்கு உரிய மணியாக எண்ணப்படுவது. சுடுவெயிலில் நடந்த மகவின் மெல்லடிக்கு இரங்கிய தாயுள்ளம் தண்ணிய முத்தினை அளித்தது என்பதே சொல்லின்வழிப் பெறப்படும் பொருள். அப்பொருள் தானே நெஞ்சை உருக்க வல்லது.

உவமையின் எல்லை

சிப்பியுள் அடங்கிய முத்து வெளிப்படுதல்போலப் பாசத்துள் அடங்கிய உயிர் வெளிப்படுதல் முத்தி என உவமை கூறுவார் உளர். உவமையெல்லாம் ஒருபுடை ஒப்புமையேயாதலின் இதன் எல்லை அறிதல் இன்றியமையாதது. சுவாதி நாளில் விழும் மழைத்துளி சிப்பியின் வாய்புக்கு முத்தாம் என்பது புலவர் வழக்கு. இக்கால அறிவியலார், சிப்பியின் உடலினுட் புகுந்த வேற்றுப்பொருளைச் சுற்றி அச்சிப்பி தன் உடலினின்றும் சுரக்கும் சுண்ணப்பொருள் படலம் படலமாகப் படிதலால் முத்து உண்டாகும் என்று கண்டனர். இரண்டனுள் எதனைக் கொள்ளினும் முத்து ஒரு காலத்தில் தோன்றியது, சிப்பியால் ஆக்கப்பட்டது. உயிரோ சைவ சித்தாந்தத்தின்படி அநாதி, ஒருவராலும் ஆக்கப்படாதது, பாசத்தினின்றும் பிறவாதது. சிப்பி முத்தினைச் செய்தாற்போலப் பாசம் உயிரைச் செய்தது எனக் கொள்ளின் முப்பொருள் உண்மையே கெடும். அதனாலன்றோ ஆணவ மலத்திற்கு நெல்லின் உமியையும் செம்பின் களிம்பினையும் ஆன்றோர் உவமித்தனர். களிம்பு செம்பினைப் படைப்பதில்லை. உடன்தோன்றி மறைத்து நிற்பது மாத்திரமே.

சிப்பியைப் பற்றி வேறோர் உவமை மாயாவாத நூல்களில் வழங்கும். சிப்பியை வெள்ளி எனக் காணும் மயக்கம்போல உலகம் தோற்றமாத்திரையே என்பர் அவர். சித்தாந்திகள் உலகினை உள்பொருள் என்று கொள்வராதலின் அவ்வுவமையை ஏலார். ஒரே சிப்பி இருவேறு கொள்கையார் கையில் இருவேறு பொருள்பட நிற்றலை நோக்குங்கால், உவமைப்பொருள் தானே ஒரு கொள்கையை நாட்டவல்லதன்று என்பது விளங்கும்.

எனினும் அவ்வுவமை முற்றும் பயனற்றதன்று. முத்து தானே சிப்பியைத் திறந்துகொண்டு வெளிவருவதில்லை. கடலின் ஆழத்திற்கு இறங்கி வந்து அதனை எடுப்பான் ஒருவன் வேண்டும். எடுப்பான் இன்றேல் அது நெடுங்காலம் இருளிலேயே கிடக்கும். உயிரும் தன் முயற்சி ஒன்றானே பாசத்தினின்றும் நீங்குவதன்று. குருவடிவாய் இறங்கிவரும் திருவருள் எடுத்தே அது கரையேறும். இவ்வளவே ஈண்டு ஒப்புமை.

ஆகவே, முத்து என்பது தென்கடற் பொருளின் தமிழ்ப்பெயர்; அதன் பண்பு பற்றி வித்தும் துளியும் பல்லும் கொப்புளமும் அப்பெயர் பெற்றன; வாய்முத்தம் ஓசையளவில் ஒத்த வேறு சொல்; முத்தியும் முத்தனும் வடக்கினின்று வந்தவை. இவற்றை இனமொழி, இலக்கணம், ஆட்சி என்னும் மூன்று துலாக்கோலாலும் நிறுத்துக் கொள்வார்க்குத் திருமுறையும் சாத்திரமும் தம் பொருளைத் தாமே காட்டும். தஞ்சைக் கணக்கர் வட்டத்தை வட்டம் என்றும் கறட்டினைக் கறடு என்றும் எழுதிவைத்ததுபோல, சொற்களையும் அவற்றிற்குரிய நிலையில் வைத்து எண்ணுதலே சொல்லாராய்ச்சியார் செய்யற்பாலது.